ஆடி முடியட்டும் என்று வைத்த பெட்டி

‘எல்லாம் பொருந்தும்மா’ என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. டேப் பிடித்து அளந்தவன் எவனும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அளக்காதவன்தான் சொல்வான். எங்கள் குடும்பத்தில் அந்த வாக்கியத்தை மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்திருப்பவர் என் நாத்தனாரின் கணவர்.

முறைக்கு அவர் எனக்கு அண்ணன். அண்ணா என்றுதான் கூப்பிட வேண்டும், கூப்பிடுகிறேன். ஒரு காலத்தில் ரெட்டியார்பாளையத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். அதை இழுத்து மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது, ஆனால் ‘கம்ப்யூட்டர் தெரிந்தவர்’ என்ற பட்டத்தை மட்டும் யாரும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. சொந்தத்தில் யார் வீட்டில் டிவி ரிமோட் வேலை செய்யாவிட்டாலும் அவருக்குத்தான் ஃபோன் போகும். வருவார். பேட்டரியைக் கழற்றித் தேய்த்துத் திரும்பப் போடுவார். காபி குடித்துவிட்டுப் போவார். போன பிறகு அரை மணி நேரம் அவர் மூளையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

நான் தட்டாஞ்சாவடி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். நாற்பதைத் தாண்டிவிட்டேன். கம்ப்யூட்டரில் கேம் விளையாடுவேன். இதைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் முகத்தில் ஒரு சிரிப்பு வருமே, அந்தச் சிரிப்பைப் பார்க்க இஷ்டமில்லாமல்தான் வெளியில் சொல்வதில்லை. மிட்டாயை மிட்டாயோடு சேர்க்கிற விளையாட்டு என்று நினைத்துக்கொள்கிறார்கள். நான் விளையாடுவது துப்பாக்கி கேம். நன்றாகவே சுடுவேன்.

சுடுவது பெரிய விஷயமில்லை, என் தம்பியோடு சேர்ந்து சுடுவதுதான் விஷயம். அவன் பிரான்சில் இருக்கிறான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்குகிறவர்கள் குடும்பத்தை எங்கள் ஊரில் சொல்தா வீடு என்பார்கள். அப்படி ஒரு வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டு போனான். ‘குடுத்து வச்சவன்’ என்று ஊரே மெச்சியது. பெண் எப்படி, குணம் எப்படி என்று ஒருத்தர் கேட்கவில்லை. பாஸ்போர்ட் எந்த நிறம் என்று தெரிந்துகொண்டால் இந்த ஊர் ஜனங்களுக்குப் போதும். அங்கே போய் அவன் ஒரு குடோனில் பெட்டி தூக்குகிறான்.

தம்பிக்கு ஃபோனில் பேச வராது. “எப்படிடா இருக்க?” என்றால் “ம்.” “சாப்டியா?” என்றால் “ம்.” சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், நேருக்கு நேராகக் கேட்டால் வாயைத் திறக்க மாட்டான். ஆனால் விளையாட உட்கார்ந்துவிட்டால் வேறு ஆள். கண் திரையில், கை பட்டனில், வாய் தன்பாட்டுக்குத் திறந்துகொள்ளும். “அக்கா, மாடி ஜன்னல்ல ஒருத்தன் நிக்கிறான் பாரு. நேத்து பூரா அவ என்கூட பேசவே இல்லக்கா. குனி, குனி, வுட்டுடாத!” ஜன்னலில் நிற்கிறவனுக்கும் குனிவதற்கும் நடுவில்தான் அவன் வாழ்க்கை எனக்குத் தெரியவரும். ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சாயங்காலம், அவனுக்கு மத்தியானம். அந்த இரண்டு மணி நேரம் இல்லையென்றால் என் தம்பியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

கேம் விளையாடுகிற தன் கம்ப்யூட்டர் மெஷினை அவனே சேர்த்துக் கட்டியவன். கட்டிய அன்று ஃபோனைத் திருப்பிக் காட்டினான். கண்ணாடிக்கு உள்ளே, கேம் படத்தைத் திரையில் ஓட்டுகிற கிராஃபிக்ஸ் கார்டு, செங்கல் கனம் இருக்கும்போல, ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. அது தொங்காமலிருக்க அடியில் ஒரு ஒயின் பாட்டில் தக்கையை முட்டுக் கொடுத்திருந்தான். தக்கையில் பேனாவால் இரண்டு உருண்டைக் கண், காது வரைக்கும் ஒரு மீசை. “இவர்தான்க்கா எங்க அய்யனாரு. காவலுக்கு நிக்கிறாரு” என்று சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி என்று நினைக்கிறேன்.

போன கோடையில் என் பழைய லேப்டாப் செத்தது. சாதாரண நாளில் செத்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை, நடு விளையாட்டில், “வூட்ல இருக்கவே முடியலக்கா, நான் என்னா பண்லாம்னு” என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தபோது திரை கறுத்துவிட்டது. உடனே ஃபோன் போட்டேன். “என்னடா சொல்ல வந்த?” “ஒண்ணுமில்லக்கா.” அவ்வளவுதான். அதற்குப் பிறகு வாராவாரம் ‘ம்’ மட்டும். அந்த வாக்கியத்தின் மிச்சம் எனக்கு வேண்டும். அதற்கு ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். இதை நான் வீட்டில் யாருக்கும் விளக்கவில்லை. விளக்கினால், ‘ஃபோன்ல கேட்டா ஆச்சி’ என்று சொல்லியிருப்பார்கள்.

கடையில் கட்டி வைத்திருக்கிற மெஷின் என் சக்திக்கு மேல். தனித்தனியாக வாங்கிச் சேர்த்தால் கட்டுப்படியாகும். ஆபீஸில் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து படித்தேன். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ப்ராசஸருக்கு ஏற்ற மதர்போர்டு, இரண்டுக்கும் தீனி போடுகிற பவர் சப்ளை, எல்லாம் அடங்குகிற கேபினெட். இதில் தலைவலி கொடுப்பது கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றுதான். விலையும் அதுதான் அதிகம், நீளமும் அதுதான் அதிகம். அதன் நீளம் தெரியாமல் கேபினெட் வாங்குகிறவன் கால் அளவு தெரியாமல் செருப்பு வாங்குகிறவன்.

தம்பியிடம் சொன்னேன். “கார்டு வாங்காதக்கா. என்கிட்ட ஒண்ணு சும்மா கெடக்குது. லீவுக்கு ஊருக்கு வர்றவங்ககிட்ட குடுத்து அனுப்பறேன்” என்றான்.

“என்ன மாடல்டா? நீளம் பாக்கணும்.”

“பழசுக்கா. வந்ததும் நீயே பிரிச்சிப் பாரு.”

எனக்கு அது விசித்திரமாக இருந்தது. கார்டு என்றால் மாடல், வருஷம், ஃபேன் எத்தனை என்று மூச்சு விடாமல் ஒப்பிக்கிறவன் அவன். பிரிச்சிப் பாரு, பிரிச்சிப் பாரு என்று இரண்டு தடவை சொன்னான்.

ஜூலை மாதம் பிரான்ஸ்காரர்கள் ஊருக்கு வரும் மாதம். அவன் இருக்கும் பகுதியிலேயே இருக்கிற ஒரு சொல்தா வீட்டு அம்மாள் பெட்டியைக் கொண்டுவந்தாள். அவள் வீடு ரெட்டியார்பாளையத்தில், நாத்தனார் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி. என் கெட்ட நேரம். “நீ எதுக்கும்மா அலையற, நான் வாங்கி வைக்கிறேன்” என்று நாத்தனார் கணவர் போய் வாங்கிவிட்டார். வாங்கித் தன் வீட்டு பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். பிரான்சிலிருந்து வந்தது என்றால் காலி சோப்பு டப்பாவைக்கூட பீரோவில் வைக்கிற ஜாதி அது.

பெட்டியை எடுக்கப் போனேன். அப்போதுதான் அந்த வார்த்தையைச் சொன்னார். “ஆடி பொறந்துடுச்சிம்மா. ஆவணி ஒண்ணாந்தேதி பிரிச்சிக்கலாம்.”

நான் முதலில் கிண்டல் என்று நினைத்தேன். பேச்சுக்குப் பேச்சு கிகாஹெர்ட்ஸ் என்பவர், கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்து செயற்கை அறிவைப் பற்றிப் பிரசங்கம் செய்பவர், நிஜமாகவே ஆடி மாதத்துக்குப் பயந்து ஒரு அட்டைப்பெட்டியைப் பிரிக்க மாட்டேன் என்றார். என் மாமியாருக்கே தாங்கவில்லை. “மிஷினுக்கு என்னா மாப்ள ஆடி? அது என்னா புதுப் பொண்ணா, அம்மா வூட்டுக்கு அனுப்பி வைக்க?” என்றாள். கோயிலுக்குப் போகாமல் ஒரு வெள்ளிக்கிழமைகூட இருக்காதவள் அவள். அவர் சிரித்துக்கொண்டே, “ஒங்களுக்குத் தெரியாது அத்த, எலக்ட்ரானிக்ஸ்ல சென்டிமென்ட் ரொம்ப முக்கியம்” என்றார்.

சரி, ஆடியில் எதுவும் கூடாது என்றால் வாங்குவதும் கூடாதுதானே? அங்கேதான் அவருடைய சாஸ்திரம் கொடிகட்டிப் பறந்தது. ஆடித் தள்ளுபடி. டவுனில் கம்ப்யூட்டர் கடை வாசலிலும் துணிக்கடை மாதிரி பேனர் கட்டிவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் புருஷனையும் என்னையும் வண்டியில் வரச்சொல்லிவிட்டு அவர் முன்னால் போனார்.

கடைக்காரர் என் பக்கம் திரும்பவே இல்லை. “பையனுக்கா சார்?” என்று என் புருஷனைக் கேட்டார். “எனக்கு” என்றேன். “மேடம் ஜோக் அடிக்கிறாங்க” என்று புருஷனைப் பார்த்தே சிரித்தார். நான் ப்ராசஸர் பெயரைச் சொன்னேன், போர்டு பெயரைச் சொன்னேன், பவர் சப்ளை எத்தனை வாட் என்று சொன்னேன். ஒவ்வொன்றையும் நாத்தனார் கணவர் வாய்க்குள் வாங்கி, நான் தமிழில் சொன்னதையே தமிழில் மொழிபெயர்த்துக் கடைக்காரரிடம் சொன்னார். அதற்கப்புறம்தான் அது கடைக்காரர் காதில் ஏறியது.

கேபினெட்டுக்கு வந்தபோது நிறுத்தினேன். “கார்டு நீளம் தெரியாம இத வாங்கக் கூடாதுண்ணா. ஒங்க வீட்டுக்குப் போயி பெட்டியப் பிரிச்சி அளந்துட்டு நாளைக்கு வாங்கலாம்.”

“ஆடில பிரிக்கக் கூடாதுன்னு சொன்னன் இல்லம்மா?”

“ஆடில வாங்கலாமா?”

“வாங்கறது வேற, ஆரம்பிக்கறது வேற. பெட்டியப் பிரிச்சா ஆரம்பிச்ச கணக்கு ஆயிடும்.” பிறகு ஏழு கலரில் விளக்கு எரிகிற, டிபன் கேரியரைவிடக் கொஞ்சம் பெரிதான ஒரு கண்ணாடிப் பெட்டியைத் தட்டிக் காட்டினார். தள்ளுபடி அதில்தான் அதிகம். “எல்லாம் பொருந்தும்மா. பத்துப் பொருத்தமும் பாத்தாச்சி.” அவர் பார்த்த ஒரே பொருத்தம் விளக்குக் கலருக்கும் தன் கண்ணுக்கும் உள்ளது.

“பொருந்தலன்னா பத்து நாளைக்குள்ள கொண்டாங்க சார், மாத்தித் தர்றோம்” என்றார் கடைக்காரர். ஆவணிக்கு இன்னும் எத்தனை நாள் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என் புருஷனைப் பார்த்தேன். அவர் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து சண்டை போட்டேன். “வுடு. அவரு மனசு கோணக் கூடாது. ஒரு மாசம்தான?” என்றார் புருஷன். அவர் அக்கா வீட்டுக்காரர் மனசு என்பது எங்கள் வீட்டில் மண்பானை மாதிரி, எல்லோரும் தள்ளி நின்று பேசுவார்கள். மரியாதை என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு முட்டாளின் முகம் வாடாமலிருக்க நாலு புத்திசாலிகள் வாயைப் பொத்திக்கொண்டு இருப்பதைத்தான் இந்த மரியாதை என்கிற வார்த்தையால் சொல்கிறார்கள். வாங்கிய சாமானும் அவர் வீட்டுக்கே போயிற்று. பூஜைக்கு ஒன்றாக எடுத்து வருவாராம்.

அந்த மாதம் முழுக்க எங்கள் உழவர்கரை பூராவும் அம்மன் கோயில் ஸ்பீக்கர். கூழ் ஊற்றாத தெரு இல்லை. அந்த இரைச்சலுக்கு நடுவில் காதைப் பொத்திக்கொண்டு தம்பிக்கு ஃபோன் போட்டேன்.

“பெட்டி வந்துடுச்சாக்கா?”

“வந்துடுச்சிடா. பத்திரமா இருக்கு.”

“வேற ஒண்ணும் இல்லியாக்கா?”

“வேற என்னடா? மத்ததெல்லாம் இங்கியே வாங்கியாச்சி. சீக்கிரம் விளையாடலாம்.”

“ம்” என்றான்.

அடுத்த வாரம் அந்த ‘ம்’ இன்னும் சின்னதாக இருந்தது. அதற்கடுத்த வாரம் ஃபோனை எடுக்கவில்லை. வேலையில் இருந்தேன் என்று மறுநாள் சொன்னான். அந்த சொல்தா வீட்டு அம்மாளைப் போய்ப் பார்த்து இரண்டு வார்த்தை கேட்கலாம் என்று வடகமும் கருவாடும் கட்டி வைத்தேன். “எங்க தெருதான, நான் குடுத்துட்றேன்” என்று அதையும் நாத்தனார் கணவர் வாங்கிக்கொண்டு போனார். நான் லீவு போட்டுப் போவதற்குள் அந்த அம்மாள் பிளேன் ஏறிவிட்டாள்.

ஆவணி ஒன்றாம் தேதி விடுமுறைக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். காலையில் அவர் ஆட்டோவில் வந்து இறங்கினார். வேட்டி. நெற்றியில் சந்தனம். ஹாலில் பெட்டிகளை அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் அறுத்து, கற்பூரம் ஏற்றினார். மதர்போர்டுக்கும் ஒரு பொட்டு வைக்க விரலை நீட்டினார். கையைப் பிடித்துத் தடுத்தேன். நல்ல நேரம் பத்தரை வரைக்கும் என்று மூன்று முறை அறிவித்தார்.

ப்ராசஸரையும் ரேமையும் நானே பொருத்தினேன். அவர் பக்கத்தில் நின்று, “அப்டித்தான், அப்டித்தான்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிரான்ஸ் பெட்டியைப் பிரிக்கிற கௌரவத்தை மட்டும் தனக்கு வைத்துக்கொண்டார். டேப்பைக் கிழித்து, தெர்மாகோலை நீக்கி, இரண்டு கையாலும் கார்டைத் தூக்கினார். கூடவே ஏதோ ஒன்று உருண்டு வந்து தரையில் விழுந்தது.

“பேக்கிங் குப்ப” என்று காலால் ஒதுக்கினார்.

அது என் கால்பக்கம் வந்து நின்றது. ஒரு தக்கை. இரண்டு உருண்டைக் கண். காது வரைக்கும் மீசை.

நான் அதைக் கையில் எடுத்தேன். கார்டைப் பார்த்தேன். ஃபேன் இடுக்குகளில் தூசி. சும்மா கிடந்த கார்டு இல்லை இது. அவன் மெஷினுக்குள் தொங்கிக்கொண்டிருந்த அதே கார்டு. அவன் மெஷினில் இது இல்லையென்றால் அவனிடம் மெஷின் இல்லை.

அதற்குள் அங்கே யுத்தம் நடந்துகொண்டிருந்தது. கார்டு கேபினெட்டைவிட நாலு விரற்கடை நீளம். நேராக வைத்தார், சாய்த்து வைத்தார், அழுத்தினார். கண்ணாடி ‘கிர்’ என்றது. “பிரான்ஸ்காரன் அளவே வேறம்மா” என்றார். கடைக்கு ஃபோன் போட்டார். பத்து நாள் எப்போதோ முடிந்துவிட்டது என்று பதில் வந்தது. அசரவில்லை. “ஒங்க எஸ்டேட்ல எதனா ஒரு பட்டறைல குடுத்து முன்னாடித் தகட்ட அறுத்துடலாம். அப்ப பொருந்தும்.” என் புருஷன் தலையாட்டினார்.

நான் ஃபோனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். அங்கே இப்போதுதான் விடிந்திருக்கும். முதல் மணியிலேயே எடுத்தான்.

“அய்யனாரு வந்துட்டாருடா” என்றேன்.

“இப்பத்தான் பாக்கறியாக்கா?” என்றான்.

“இப்பத்தான்டா பிரிச்சோம்.”

“வந்துடுச்சின்னு போன மாசமே சொன்னியே?”

“ஆடின்னு பிரிக்கலடா.” அதைச் சொல்லும்போது எனக்கு நாக்கு கூசியது.

“ஆடியா” என்றான். சிரிக்கிறானா என்று காதை அழுத்திக் கேட்டேன். சிரிக்கவில்லை. “நான் வேற மாரி நெனச்சிட்டன்க்கா. பாத்துட்ட, கேக்க வேணாம்னு இருக்கன்னு நெனச்சிட்டன். வாயால சொல்ல வரல. அய்யனாரப் போட்டு அனுப்புனா நீ பாத்ததும் கேப்பன்னு போட்டன். அந்தம்மாகிட்டகூட சொல்லி வச்சிருந்தன், எங்க அக்கா கேட்டா எல்லாத்தியும் சொல்லிடுங்கன்னு. நீ வரவே இல்லன்னு அந்தம்மா சொன்னாங்க.”

“மிஷின் எங்கடா?”

“வித்துட்டன். கார்ட மட்டும் ஒனக்குன்னு எடுத்து வச்சன். வூட்ட வுட்டு வந்து ரொம்ப நாளாச்சிக்கா. ஒரு பையன் ரூம்ல தரைல படுத்துனு இருக்கன்.”

ஹாலிலிருந்து குரல் வந்தது. “எம்மா, நல்ல நேரம் முடியப் போவுது. கார்ட அப்பறம் பாத்துக்கலாம், சும்மா சுவிட்ச மட்டும் போட்டுடலாம் வா!”

அவர் எதிரில் நான் குரல் உயர்த்தியதில்லை. அன்றைக்கு உயர்த்தினேன். “நல்ல நேரம் போயி ஒரு மாசம் ஆச்சிண்ணா” என்றேன். சமையலறைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, தக்கையைக் கைக்குள் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன்.

“வூட்ல இருக்க முடியலன்னு சொன்னியே, அதுல இருந்து சொல்லுடா” என்றேன்.

துப்பாக்கி இல்லாமல், ஜன்னல் இல்லாமல், முதல் தடவையாக ஃபோனில் சொல்ல ஆரம்பித்தான்.